முகாம், லைன் வீடு, பள்ளிக்கூடம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டு இடங்களில் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒன்று, அணைக்கட்டை ஒட்டி இருக்கும் ஓர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில். இன்னொன்று ஓசூர் பக்கம், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவில். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் ஆரம்பித்தோம். போகப் போக, பாதி நேரம் பெரியவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே போகிறது. பெற்றோர், ஆசிரியர், வீட்டு ஓனர், மேஸ்திரி, அக்கம்பக்கத்துக்காரர்கள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

முகாமில் இருப்பவர்களும் வட மாநிலத் தொழிலாளர்களும் ஒன்றா? இருவருக்கும் எப்படி ஒரே மாதிரி வகுப்பு?

ஒன்று இல்லை. ஒடிசாவிலிருந்து வந்தவர் இந்தியக் குடிமகன். நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய் வேலை செய்யலாம், குடியிருக்கலாம். அவருக்கு இருக்கும் தடை மொழியும் காகிதமும்தான். முகாமில் இருப்பவர் கதை வேறு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வரத் தொடங்கியவர்கள் அவர்கள். 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பல கட்டங்களாக வந்தார்கள். ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஊத்தங்கரை பாம்பாறு அணை, பென்னாகரம் பக்கம் நாகாவதி அணை என்று அணை ஓரங்களில் முகாம்கள் உண்டு. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் இவர்களுடைய வாழ்க்கை சட்டத்தைவிட அரசாணைகளை நம்பித்தான் ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று தமிழக அரசு மாற்றியது. பெயர் மாறியதில் வயதானவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம்.

ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். பயமில்லாமல் பள்ளிக்குள் போக வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அந்தப் பள்ளி வாசல் பழக்கமாக வேண்டும்.

ஆதார் இல்லை, பிறப்புச் சான்று இல்லை, டிசி இல்லை. பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விதான் எங்களிடம் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ கல்வி என்று சொல்கிறது. ‘ஒவ்வொரு குடிமகனின் குழந்தைக்கும்’ என்று சொல்லவில்லை. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. மருத்துவமனைப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவேடு இருந்தால் காட்டலாம். அதுவும் இல்லையென்றால் பிள்ளைக்கு இத்தனை வயது என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும். 5ஆம் பிரிவு டிசி பற்றியது. பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் புதிய பள்ளி சேர்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆதார் விஷயத்தில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, பள்ளிச் சேர்க்கைக்கு அதைக் கட்டாயமாகக் கேட்க முடியாது என்று.

சட்டம் இப்படி இருக்கிறது. நடப்பது எப்போதும் இப்படி இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் ஆதார் எடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு மூன்று நாள் சம்பளம் போயிற்று. நான்காவது நாள் அவர் போகவே இல்லை. அந்தப் பெண் ஒரு வருடம் முழுக்க லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு விஷயம் தெரிய வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அதற்குப் பிறகு எந்தத் தகப்பனையும் தாயையும் தனியாக அனுப்புவதில்லை. எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். கையில் ஒரு கடிதம் இருக்கும். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், வயது, இப்போது தங்கியிருக்கும் இடம், இதற்கு முன் படித்த வகுப்பு, கடைசியாக ‘கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 14-இன் கீழ் சேர்க்கை வேண்டுகிறோம்’ என்ற ஒரு வரி. இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை கேட்டவுடனேயே பல இடங்களில் பேச்சின் போக்கு மாறிவிடும். அப்போதும் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் அந்தப் படியைக் காட்டலாம். கல்வித்துறையின் உதவி எண் 14417.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தலைமையாசிரியர்கள் நல்லவர்கள். மாணவர் விவரங்களை ஏற்றும் ‘எமிஸ்’ கணினிப் பதிவில் கட்டம் காலியாக இருந்தால் மேலே இருந்து கேள்வி வருமே என்று பயப்படுகிறார்கள், அவ்வளவுதான். அவர்களோடு சண்டை போட்டுச் சேர்த்த பிள்ளையைவிட, உட்கார்ந்து பேசிச் சேர்த்த பிள்ளை அந்தப் பள்ளியில் நிலைத்து நிற்கிறது.

பெயர் எழுதும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்பதால் நாங்களே சேர்த்திருக்கிறோம். வட மாநிலப் பிள்ளைக்கு இனிஷியல் கிடையாது, பின்னால் குடும்பப் பெயர் இருக்கும். நம் பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுவிடுவார்கள். தமிழில் ‘கோபால்’ என்று எழுதியதை ஆங்கிலத்தில் மாற்றும்போது முதல் எழுத்து ‘கே’யா ‘ஜி’யா என்று குழப்பம் வரும். பாரதிக்கும் பானுவுக்கும் இதே கதிதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போது ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று நிற்பார்கள். சேர்க்கும் நாளிலேயே ஆங்கில எழுத்துக்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஜனவரியில்தான் வந்தோம். ஜூன் வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். வருடத்தின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம், அதுவும் சட்டத்திலேயே இருக்கிறது.

பையனுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கே போனதில்லை. ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பார்களா?

மாட்டார்கள், வைக்கவும் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது முறை. அந்தப் பயிற்சி மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை இருக்கலாம். வட்டார வள மையத்தில் கேட்டால் பக்கத்தில் சிறப்புப் பயிற்சி மையம் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள். அது தூரமாக இருந்தால் பகலில் பள்ளி, மாலையில் எங்கள் வகுப்பு என்று ஓட்டுகிறோம்.

பதினொரு வயதுப் பையனுக்குச் சின்னக் குழந்தைகளின் பாட்டுப் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். அவனுக்கு அது அவமானம். செங்கல் சூளையில் கணக்கு வைத்தவன், கடையில் பேரம் பேசத் தெரிந்தவன் அவன். அவனுக்குப் பஸ் போர்டு, சிமெண்ட் மூட்டையில் அச்சடித்த எழுத்து, போன் ரீசார்ஜ் விலைப்பட்டியல் இவற்றிலிருந்து தொடங்கினால் ஒரு மாதத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

தமிழே தெரியாதே, எப்படிப் படிக்கும்?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகளை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறார்கள். தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. இரண்டு மொழிப் பிள்ளையை எப்படி உட்கார வைத்துக் கற்பிப்பது என்ற கைப்பழக்கம் இந்த மாவட்டத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. தெலுங்குக்குப் பதில் இப்போது ஒடியா வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சில இடங்கள் உண்மையிலேயே கஷ்டம். புதிதாக வரும் தன்னார்வலர்களுக்காக அவற்றைச் சொல்கிறோம்.

இந்தியில் க என்ற இடத்தில் நான்கு எழுத்துக்கள். நமக்கு ஒன்றுதான். ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் க இருக்கிறது, மூன்றும் வேறு வேறு ஒலி. இந்தி எழுதத் தெரிந்த பிள்ளை ‘இது எந்த க?’ என்று கேட்டால் அது மக்குத்தனம் இல்லை, மிகக் கூர்மையான கேள்வி. பதில் எளிது. இரட்டித்தால் அழுத்திச் சொல், மெல்லெழுத்துக்குப் பின் வந்தால் மென்மையாகச் சொல், இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் இன்னும் தளர்த்திச் சொல். நாமெல்லாம் யோசிக்காமலே செய்வதை அந்தப் பிள்ளைக்கு விதியாகச் சொல்ல வேண்டும்.

எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இந்தியில் இல்லை. அதனால் ‘செடி’யை ‘சேடி’ என்று எழுதுவார்கள். தெலுங்கு, கன்னடப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒடியாப் பிள்ளைகள் ‘அ’வை ‘ஒ’ சாயலில் ஒலிப்பதால் ‘அம்மா’ கொஞ்சம் ‘ஒம்மா’ போலக் கேட்கும். ஆனால் ‘ள’ அவர்கள் மொழியிலேயே இருக்கிறது, ‘பள்ளி’யை அழகாகச் சொல்வார்கள். ழகரத்துக்கு யாரையும் திட்டாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளே அதைத் தவற விடுகிறார்கள்.

அப்புறம், தெருவில் சரளமாகத் தமிழ் பேசும் பிள்ளையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கனடாவில் குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். பேச்சுமொழி சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்து மொழி, அந்த வயதுப் பிள்ளைகளின் அளவுக்கு வர ஐந்து வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இருக்கும் இடைவெளி பெரியது. ‘வர்றேன்’ என்று கற்ற பிள்ளை ‘வருகிறேன்’ என்பதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். ‘நல்லாத்தானே பேசுறான், பரீட்சையில் மட்டும் ஏன் எழுத மாட்டேன் என்கிறான், சோம்பேறி’ என்று ஆசிரியர் சொல்லும்போது நாங்கள் இதைத்தான் எடுத்துச் சொல்கிறோம்.

தமிழ் சீக்கிரம் வரட்டும் என்று வீட்டிலும் தமிழே பேசலாமா?

வேண்டாம் அம்மா. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், கணக்குப் போடுங்கள். அரைகுறைத் தமிழில் ‘வா, போ, சாப்பிடு’ என்று மட்டும் பேசும் வீட்டில் பிள்ளைக்கு இரண்டு மொழியும் அரைகுறையாகிவிடும். தமிழை நாங்களும் பள்ளியும் பார்த்துக்கொள்கிறோம்.

முகாம் பிள்ளைகள் தமிழ்தானே பேசுகிறார்கள்? அவர்களுக்கு எதற்குத் தனி வகுப்பு?

பள்ளிக்கூடம் அவர்களுக்கு எப்போதோ திறந்துவிட்டது. அரசுப் பள்ளியில் புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் மற்ற பிள்ளைகளைப் போலவே கிடைக்கிறது. படிப்பை உயிராக நினைக்கும் சமூகம் அது. 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், ஏசு சபையின் அகதிகள் பணியும் முகாம்களில் மாலை வகுப்புகளைப் பல வருடமாக நடத்திக் காட்டியிருக்கின்றன. முகாமில் படித்த பிள்ளைகளே அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தை நாங்கள் அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

கஷ்டம் வேறு இடத்தில். பழைய வீடு என்றால் ஒரே அறை. பக்கத்து வீட்டு டிவி இந்த வீட்டுச் சுவரில் பேசும். புது கான்கிரீட் வீடு வந்த முகாம்களில் இது குறைந்திருக்கிறது. 2021இல் 7,469 வீடுகள் கட்டுவதாக அரசு அறிவித்தது. வீடு மாறிய பிள்ளைகள் முதலில் சொன்னது ‘அண்ணா, இப்ப ராத்திரி லைட் போட்டுப் படிக்கலாம்’ என்பதுதான். அடுத்தது அப்பாக்களின் வேலை. முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். பெங்களூர், கோயம்புத்தூர் என்று வாரக்கணக்கில் வெளியூர். யார் யார் முகாமில் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் பதிவு எடுக்கும் நாளில் ஓடி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் போவார்கள். பிளஸ் டூ முடிக்காமலே பையன்கள் அப்பாவின் பிரஷைக் கையில் எடுப்பது அப்படித்தான் ஆரம்பிக்கிறது. கையில் உடனே காசு வருகிறதே.

இன்னொன்றும் உண்டு, இதற்காகவே எனக்கு அந்த வகுப்பு பிடிக்கும். பாட்டி நோட்டைக் ‘கொப்பி’ என்பார், நாற்காலியைக் ‘கதிரை’ என்பார், பேசுவதைக் ‘கதைக்கிறது’ என்பார். பேரப்பிள்ளை பள்ளியில் அப்படிச் சொன்னால் கேலி செய்வார்களோ என்று அந்த வார்த்தைகளை விழுங்கிக்கொள்கிறது. நாங்கள் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, பாட்டி சொல் ஒரு பக்கம், ஊர்ச் சொல் ஒரு பக்கம் என்று எழுதச் சொன்னோம். அன்று பாட்டிகள் பத்துப் பேர் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் இப்போது அவர்கள்தான் கதை சொல்கிறார்கள். நிற்க இடம் இருக்காது.

படித்து என்ன பயன்? கடைசியில் பெயிண்டிங்குக்குத்தானே போக வேண்டும்?

முகாமில் இதைக் கேட்காத வீடு இல்லை. நேர்மையாகவே பதில் சொல்கிறோம்.

குடியுரிமை இல்லாதவரை அரசு வேலை கிடையாது. தனியார் கம்பெனியிலும் பாஸ்போர்ட், பூர்வீக விலாசம் என்று கேட்கும் இடத்தில் சிக்கல் வரும். பொறியியல் படித்துவிட்டு ஏணியில் நிற்கும் பிள்ளைகளை எங்களுக்கும் தெரியும். அதை மறைத்து ‘படி, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் தெரிந்த மற்றதையும் சொல்ல வேண்டும். கணக்கு, நர்சிங், மென்பொருள், கடை நிர்வாகம் என்று தனியார் துறையில் முகாம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். நாளை யாராவது இலங்கைக்குத் திரும்பிப் போக முடிவு செய்தாலும் கையில் இருக்கும் சான்றிதழ் கூடவே போகும். முகாமை விட்டு வரும்போது வீட்டை எடுத்துப் போக முடியாது.

குடியுரிமை பற்றி ஒரு விவரம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், சட்டப்படி பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசிப்பவர், இதைச் சொல்லித்தான் வழக்குப் போட்டார். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார். உங்கள் வீட்டில் அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்த அப்பாவோ அம்மாவோ இருந்தால், அவருடைய பிறப்புச் சான்றைத் தேடி எடுங்கள். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும் என்கிறது சட்டம். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு விதி இன்னும் இறுக்கம். அவர்கள் விஷயத்தில் வழக்கறிஞரைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம். பள்ளிச் சான்றிதழ்கள் அங்கேயும் உதவும். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தேன் என்பதற்கு வருடாவருடம் சாட்சி சொல்லும் காகிதம் அதைவிட வேறு எது?

முகாம் மாணவர்களுக்குக் கல்லூரி உதவித்தொகை உண்டா?

உண்டு. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, வருடத்துக்கு பாலிடெக்னிக் மாணவருக்கு 10,000 ரூபாய், கலை அறிவியல் இளநிலைக்கு 12,000, தொழிற்கல்வி இளநிலைக்கு 20,000 என்று உயர்த்தினார்கள். பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது. விண்ணப்பம் முகாம் வருவாய் ஆய்வாளர் வழியாகத்தான் போக வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே போய்க் கேளுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு அலைந்தால் முதல் தவணைக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டி வரும்.

அப்பா அம்மா இருவரும் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறோம். பிள்ளை எப்படிப் பள்ளிக்குக் கிளம்பும்?

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் காலை உணவு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க வந்துவிட்டது. லைன் வீட்டில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்து, ஓர் அம்மா கூட்டிப்போவது என்று முறை வைத்திருக்கிறோம். அந்த அம்மாவுக்கு மற்றவர்கள் மாதம் கொஞ்சம் கொடுக்கிறார்கள். பசிக்கும் பிள்ளை சாப்பாட்டுக்காகவாவது நேரத்துக்குப் போகிறது. கிச்சடி போட்ட முதல் நாள் பீகார்ப் பையன் ஒருவன் ஏமாந்துபோனான். அவன் ஊரில் கிச்சடி என்றால் அரிசியும் பருப்பும் குழைய வெந்தது. இங்கே ரவை. இப்போது இரண்டு தட்டு சாப்பிடுகிறான்.

பெரிய பெண் வீட்டில் தம்பி தங்கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவளை எப்படி அனுப்புவது?

தம்பியை அங்கன்வாடியில் சேர்த்தால் அவள் பள்ளிக்குப் போகலாம். பாதிப் பெண் பிள்ளைகளின் படிப்பு இந்த ஒரு சேர்க்கையில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அங்கன்வாடிக்கும் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏற்கெனவே பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண் என்றால், கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் கஸ்தூர்பா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. தங்கிப் படிக்கலாம். பெண்ணைத் தனியாக விடப் பயப்படும் பெற்றோரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நேரில் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். சமையலறையையும் படுக்கும் இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் அம்மாக்கள் தலையாட்டுகிறார்கள். நியாயம்தானே.

கல்யாணப் பேச்சு எடுத்துவிட்டார்கள் என்றால் 1098க்கு அழையுங்கள். யார் அழைத்தது என்று வெளியே சொல்ல மாட்டார்கள்.

பெற்றோருக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது, யாருக்கு எது தேவையோ அது. பஸ் போர்டு படிப்பது, மருந்துச் சீட்டு, பேங்க் படிவம், பிள்ளையின் மதிப்பெண் அட்டை. பள்ளியில் பேச வேண்டிய ஏழெட்டு வாக்கியங்களை நாடகம் போல நடித்துப் பழகுகிறோம். ஒருவர் டீச்சர், ஒருவர் அம்மா. ‘என் மகன் எப்படிப் படிக்கிறான்?’ என்று ஓர் ஒடியா அம்மா முதல் முறையாகப் பள்ளியில் தமிழில் கேட்டுவிட்டு வந்து அன்று சாயங்காலம் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. வெளிமாநிலப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளியில் அவர்களுடைய அம்மா ஒருவராவது அந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று நாங்கள் விடாமல் கேட்கிறோம். ஒரு பள்ளியில் நடந்திருக்கிறது. அங்கே இடைநிற்றலைப் பற்றிப் பேசும் தொனியே மாறிவிட்டது.

பூஜைக்கு ஊருக்குப் போனால் இரண்டு மாதம் ஆகிவிடும். பெயரை எடுத்துவிடுவார்களா?

போகும் முன் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும் தேதியை எழுதிக் கொடுங்கள். திரும்ப மாட்டோம் என்றால் டிசியை வாங்காமல் ரயில் ஏறாதீர்கள். பிள்ளையின் பென் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் ஒரு மாணவருக்கு ஒரே எண் அது, ஒடிசாவில் சேர்க்கும்போதும் பயன்படும். போனில் படம் எடுத்து வைத்தால் தொலையாது.

வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால் நம் பிள்ளைகளுக்கு இடம் குறையாதா?

அரசுப் பள்ளியில் ஆசிரியர் எண்ணிக்கை மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவாகிறது. பிள்ளைகள் குறைந்து இரண்டு ஆசிரியர் ஒரு ஆசிரியராகும் நிலையில் இருந்த பள்ளிகளை இந்தப் பிள்ளைகள் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்த ஆசிரியர் இருக்கிறார்.

கோபத்தோடு கேட்பவரிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்று உண்டு. உங்கள் சொந்தத்தில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர் யாரும் இல்லையா? பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து கேரளத்துக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போனவர் இல்லையா? அங்கே அவர்கள் பிள்ளையை ஒரு டீச்சர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பெரும்பாலும் அதற்கப்புறம் அவர்கள் தங்கள் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பேச வந்த ஒரு லைன் வீட்டு ஓனர்தான் இப்போது எங்களுக்கு மொட்டை மாடியையும் இரண்டு டியூப்லைட்டையும் கொடுத்திருக்கிறார்.

நானும் வந்து சொல்லிக் கொடுக்கலாமா?

வாருங்கள். வாரம் இரண்டு மாலை, குறைந்தது ஒரு கல்வியாண்டு. ஒரு நாள் வந்து நோட்டு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் வேண்டாம் என்று மரியாதையாகவே சொல்லிவிடுகிறோம். இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பேர் விட்டுப்போவதைப் பார்த்தவர்கள். இந்தி, ஒடியா, வங்காளம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் சரி. கணக்குச் சொல்லித் தர ஆள் எப்போதும் பற்றாக்குறை. முகாம் வகுப்புக்கு வருபவர்கள் வெளியாள் என்பதால், முதல் முறை எங்களோடு வந்து வருவாய் ஆய்வாளரிடம் பெயர் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நேரம், கட்டணம்?

கட்டணம் இல்லை. முகாமில் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்தரை முதல் ஏழரை. லைன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு முதல் எட்டு, ஏனென்றால் அம்மாக்கள் ஷிப்ட் முடிந்து வந்து பிள்ளைக்கு முகம் கழுவி அனுப்பவே ஆறாகிவிடும். மழை நாளில் மாடிக்குப் பதில் கீழே மாவு மில் வராந்தாவில் பாய் விரித்திருப்போம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அக்காக்களும் வரலாம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார்.